ஜாப் கார்டில் என் கையெழுத்து

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்ற நினைப்போடு எழுதுகிறேன். இங்கே நானும் உன் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். ஒப்புக்கு எழுதுகிற நன்றாக இல்லை, நிஜமாகவே நன்றாக. காலையில் அரை மாத்திரை போடுகிறேன், போன வாரம் நர்ஸ் கையில் பட்டை கட்டிப் பார்த்துவிட்டு, "உங்களைவிட எனக்குத்தான்மா பிரஷர் ஜாஸ்தி" என்று சிரித்தாள். இதை முதல் வரியிலேயே ஏன் எழுதுகிறேன் என்று உனக்குத் தெரியும். போன் செய்யாமல் எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். போனில் நீ அழுவாய், நீ அழுதால் நான் இளகிவிடுவேன், நீ பிறந்ததிலிருந்து நமக்குள் இதுதான் நடக்கிறது. கடிதத்தைப் படித்துவிட்டு அழுதால் எனக்குக் கேட்காது. அதோடு இது உன் கைக்கு வந்து சேர எப்படியும் பன்னிரண்டு நாள் ஆகும், எனக்குத் தேர்வு வருகிற வியாழக்கிழமை. தெரிந்தேதான் கடிதம் எழுதுகிறேன்.

படகு எஞ்சின் பயிற்சி நிலையத்துக்கு நீ எழுதியதைப் படித்துவிட்டேன். திங்கட்கிழமை காலை ஆபீஸில் இருக்கிற கிளார்க் அம்மா என்னைக் கூப்பிட்டு, "இது உங்களுக்குத் தெரிஞ்சு வந்ததா, தெரியாம வந்ததா?" என்று கேட்டு ஒரு தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். 'என் தாயாரின் வயதையும் இரத்த அழுத்தத்தையும் கருதி, குடும்பத்தின் ஒருமித்த முடிவின்படி, அவரது பெயரைப் பயிற்சியிலிருந்து நீக்கிவிடுமாறு' என்று போகிறது. நல்ல தமிழ்தான். பள்ளிக்கூடத்துக்கு லீவ் லெட்டர் எழுத என் பின்னாலேயே சுற்றிய பெண் நீ, இப்போது எனக்கே லீவ் லெட்டர் எழுதிவிட்டாய். ஆனால் இந்த 'ஒருமித்த' எப்படி வந்தது என்று மட்டும் எனக்குப் புரியவில்லை. நம் வீட்டில் மொத்தம் மூன்று பேர், மாப்பிள்ளையைச் சேர்த்தால் நான்கு, குட்டிக்கு இன்னும் பேச்சே வரவில்லை. நான் இல்லாமல் என்னைப் பற்றி எல்லோரும் எப்படி ஒருமித்தீர்கள்? அடியில் உன் அப்பாவின் கையெழுத்தும் இருந்தது, அந்தக் கோணல் எழுத்தை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, வாஷர் வாங்கி வருகிறேன் என்று கிளம்பிப் போய், ஒன்றரை மணி நேரம் கழித்து வாஷர் இல்லாமல் வந்தார். கேட்டதற்குக் கடை மூடியிருந்தது என்றார். நீ போனில் அனுப்பியதை அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, நிலையத்தில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். குழாய் அதுபாட்டுக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

நீ ஏன் செய்தாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. இரண்டு மாதத்தில் நீ மறுபடி ஆபீஸ் போக வேண்டும், குட்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அம்மாதான் சும்மா இருக்கப் போகிறாளே என்று நினைத்திருக்கிறாய். அந்தச் 'சும்மா' என்ற சொல்தான் எனக்குச் செரிக்கவில்லை. இருபத்தாறு வருடம் அந்தப் படகுத்துறை டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். முதல் படகுக்கு முன்னால் போய்க் கடைசிப் படகு போன பிறகு வீடு திரும்பினேன். ஒரு நாள் காலையில் ஜன்னலுக்குப் பக்கத்தில் என் உயரத்துக்கு ஒரு மெஷினைக் கொண்டுவந்து நிறுத்தி, இனிமேல் இதுவே டிக்கெட் கொடுக்கும் என்றார்கள். கவுன்ட்டரில் இருந்த பதினொரு பேரையும் நிற்க வைத்து மேனேஜர் பேசினார், கம்பெனி யாரையும் கைவிடாதாம், படகு எஞ்சின் சர்வீஸுக்கும் ரிப்பேருக்கும் ஆரம்ப நிலைப் பயிற்சி நான்கு மாதம் இருக்கிறதாம், அதில் தேறி வருகிறவர்களுக்குப் கம்பெனிப் பட்டறையில் இடமாம், மற்றவர்கள் விருப்ப ஓய்வாம். பதினொரு பேரில் ஒன்பது பேர் பெண்கள், எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள். யாரும் சேர மாட்டோம் என்று தெரிந்துதான் அந்த அறிவிப்பை ஒட்டினார்கள். நாங்கள் கொடுத்தோம், அவர்கள்தான் வரவில்லை என்று எழுதி வைத்துக்கொள்ள ஒரு தாள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். கூட இருந்தவள் ஒருத்தி அழுதுகொண்டே ஓய்வுத் தாளில் கையெழுத்துப் போட்டாள், அதற்குப் பெயர் விருப்பம். நான் அறிவிப்பை இரண்டு தடவை படித்தேன். பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும் என்று போட்டிருந்தார்கள், எத்தனை வயதுக்கு மேல் கூடாது என்று போட மறந்துவிட்டார்கள். எனக்குப் பதினெட்டு நிரம்பி இருபத்தொன்பது வருடமாகிறது. சேர்ந்துவிட்டேன்.

என்ன நடக்கிறது என்று போனில் நீ கேட்டபோதெல்லாம் நன்றாகப் போகிறது என்று மட்டும் சொன்னேன், இப்போது முழுவதும் எழுதுகிறேன். பதினாறு பேரில் நான் ஒருத்திதான் பெண். மற்ற பதினைந்தும் மீசை முளைத்தும் முளைக்காமலும் இருக்கிற பிள்ளைகள். முதல் வாரம் ஆன்ட்டி என்றார்கள், இப்போது அக்கா என்கிறார்கள், அதில் எனக்கு லாபம்தான். கொடுத்த நீலச் சட்டை முழங்காலைத் தொடுகிறது, கையை நான்கு மடிப்பு மடிக்கிறேன். பட்டறையில் பெண்களுக்குக் கக்கூஸ் கிடையாது, கிளார்க் அம்மாவிடம் சாவி வாங்கி அடுத்த கட்டடம் வரை நடக்க வேண்டும், திரும்பி வருவதற்குள் பாடத்தில் ஒரு நட்டு கழன்றிருக்கும். சொல்லிக்கொடுக்கிறவர் பெயர் யாருக்கும் ஞாபகம் இல்லை, பிஸ்டன் சார் என்றுதான் சொல்வோம், குள்ளமாக உருண்டையாக ஒரு நிமிடம் நிற்காமல் மேலும் கீழும் போய்க்கொண்டிருப்பார். முதல் இரண்டு வாரம் பிள்ளைகள் கையில் ஸ்பேனரைக் கொடுத்தார், என் கையில் துணியைக் கொடுத்தார். "துடைக்கிறதுல உங்களை அடிச்சுக்க ஆளே இல்லம்மா" என்று பாராட்டு வேறு. துடைத்தேன். ஒரு எஞ்சினின் ஒவ்வொரு பாகத்தையும் இரண்டு வாரம் துடைத்துப் பார், எது எங்கே உட்கார்ந்திருக்கிறது, எதன் பின்னால் எது ஒளிந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். மூன்றாவது வாரம் அடிப்பாகத்தை ஒரு பையன் கழற்றிவிட்டு மாட்டத் தெரியாமல் முழித்தபோது நான் மாட்டினேன். அதன் பிறகு எனக்கும் ஸ்பேனர் வந்தது.

இப்போது கியர் எண்ணெய் பால் மாதிரி வெளுத்து வந்தால் உள்ளே தண்ணீர் இறங்கிவிட்டது என்று சொல்வேன். எஞ்சினைத் தண்ணீர் டிரம்முக்குள் இறக்காமல் ஸ்டார்ட் செய்தால் தண்ணீரை இழுத்து எஞ்சினைக் குளிர்விக்க உள்ளே சுற்றுகிற ரப்பர்ச் சக்கரம் ஒரு நிமிடத்தில் கருகிவிடும், அதைக் கழற்றி மாற்றத் தெரியும். சரியாக மாட்டினால் எஞ்சினின் பின்பக்கம் பென்சில் கனத்துக்குத் தண்ணீர் பீய்ச்சும். முதல் தடவை நான் மாட்டியது பீய்ச்சியபோது உனக்குப் போன் செய்ய வேண்டும் போலிருந்தது, அங்கே நீ தூங்குகிற நேரம், விட்டுவிட்டேன்.

நான் சொல்ல வந்தது வேறு. போன மாதம் நிலையத் தலைவர் பயிற்சிப் படகின் எஞ்சினையும் டேங்க்கையும் தன் காரில் ஏற்றி எங்கேயோ கண்காட்சிக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தார். வந்ததிலிருந்து எஞ்சினுக்கு ஒரு வியாதி. ஸ்டார்ட் ஆகும், பத்து நிமிடம் ஓடும், மூச்சு திணறின மாதிரி நின்றுவிடும். பிஸ்டன் சார் டேங்க் மூடியைத் திறந்து பார்ப்பார், பெட்ரோல் இருக்கும், மூடுவார், கயிற்றை இழுப்பார், ஓடும், பத்து நிமிடத்தில் நிற்கும். ப்ளக் மாற்றினார், கார்புரேட்டரை இரண்டு தடவை பிரித்துக் கழுவினார், பிள்ளைகளையெல்லாம் திட்டினார். எனக்கு இந்த வியாதியைத் தெரியும். நான் கவுன்ட்டரில் சேர்ந்த புதிதில் ஒரு படகு நடுத்தண்ணீரில் நின்றுபோய்த் துடுப்புப் போட்டு இழுத்து வந்தார்கள், ஏறியிருந்த ஜனம் முழுவதும் என் ஜன்னலில் வந்து கத்தியது. படகோட்டி எல்லோரும் போன பிறகு வந்து, "மூடி மேல இருக்கிற குட்டித் திருகைத் திறக்க மறந்துட்டேன்க்கா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றான். அந்தத் திருகு மூடியிருந்தால் டேங்க்குக்குள் காற்று போகாது, காற்று போகாவிட்டால் பெட்ரோல் வெளியே வராது. அன்றிலிருந்து இருபத்தாறு வருடமும் ஜன்னல் வழியாக நான் பார்த்தது அதைத்தான், ஒவ்வொரு படகோட்டியும் கயிற்றை இழுக்கும் முன் இரண்டு விரலால் அந்தத் திருகைத் திருப்புவான். காரில் பெட்ரோல் நாற்றம் அடிக்கக்கூடாது என்று தலைவர் அதை இறுக்கி மூடியிருக்கிறார், யாரும் திறக்கவில்லை. பிஸ்டன் சார் பெட்ரோல் பார்க்க மூடியைக் கழற்றும்போதெல்லாம் காற்று உள்ளே போயிருக்கிறது, அதனால் அடுத்த பத்து நிமிடம் ஓடியிருக்கிறது. நான் போய்த் திருகைத் திருப்பினேன். உஸ் என்று ஒரு சத்தம். அன்று மதியம் முழுக்க எஞ்சின் ஓடியது.

பிஸ்டன் சார் ஜாப் கார்டை எடுத்து, கோளாறு இன்னது, சரி செய்தது இன்னது என்று எழுதி, செய்தவர் என்ற இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டார். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கார்டு உண்டு. முதல் நாள் எங்களுக்கு அவர் சொன்ன முதல் பாடமே அதுதான், "எவன் கை வச்சானோ அவன் கையெழுத்து. நாளைக்கு நடுத்தண்ணியில நின்னா யாரைக் கேக்கணும்னு தெரியணும். கையெழுத்து இல்லாத வேலை வேலையே இல்ல." அதை அவருக்கே திருப்பிச் சொன்னேன். அவர் முகம் சிவந்து, தன் கையெழுத்தை அடித்துவிட்டு, "போடுங்க, நாளைக்கு நின்னா உங்களைத்தான் கேப்பேன்" என்று கார்டைத் தள்ளினார். கேளுங்க சார் என்றேன். இதுவரை கேட்கவில்லை, அது நிற்கவுமில்லை.

இப்போது திங்கட்கிழமைக்கு வருகிறேன். உன் கடிதத்தை முன்னால் வைத்துக்கொண்டு தலைவர் என்னை உட்காரச் சொன்னார், சேர்ந்ததிலிருந்து அன்றைக்குத்தான் உட்காரச் சொன்னார். "உங்க நல்லதுக்குத்தானேம்மா, பொண்ணு நல்லா சம்பாதிக்குது, பேரப்பிள்ளையைப் பாத்துக்கிட்டு நிம்மதியா இருக்க வேண்டியதுதானே" என்றார். அந்தப் பதினைந்து பிள்ளைகளும் வீட்டில் சம்மதக் கடிதம் வாங்கி வந்தார்களா என்று கேட்டேன். "அவனுங்க ஆம்பளைப் பசங்க, அது வேற" என்றார். எனக்கு நாற்பத்தேழு வயது, அவர்களில் பாதிப் பேருக்கு இன்னும் அம்மா துணி துவைக்கிறாள், அவர்களுக்குச் சம்மதம் வேண்டாம், எனக்கு வேண்டும். கடைசியில் ஒரு வழி சொன்னார், உன் அப்பா தனக்கு ஆட்சேபணை இல்லை என்று ஒரு வரி எழுதித் தந்தால் தேர்வுக்கு விட்டுவிடுவாராம், இல்லையென்றால் பெயரை நீக்க வேண்டியதுதானாம். சரி நீக்குங்க சார் என்றேன். காரணத்தையும் எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுங்க என்றேன். யாரும் கேட்காமலே கிளார்க் அம்மா நீக்கல் பதிவேட்டைக் கொண்டுவந்து விரித்து வைத்தார், பெயர், தேதி, காரணம், நீக்கியவர் கையெழுத்து என்று கட்டம் கட்டமாக இருந்தது. தலைவர் பேனா மூடியைக் கழற்றினார். காரணம் என்ற கட்டத்தைப் பார்த்தார். மறுபடி மூடியைப் போட்டார். கம்பெனி அனுப்பிய பட்டியலில் என் பெயர் இருக்கிறது, நாளைக்கு யாராவது கேட்டால் ஒரு மகளின் கடிதத்தை நம்பி நீக்கினேன் என்று சொல்ல வேண்டும், அதற்குக் கீழே அவர் கையெழுத்து இருக்கும். உன் கடிதத்தை எடுத்துக்கொண்டார், அப்பாவின் கையெழுத்தைக் கேட்டார், தன்னுடையதைப் போடுங்கள் என்றால் மட்டும் கை வரவில்லை. "சரி சரி, பரீட்சைக்கு வாங்க, ஏதாவது ஆச்சுன்னா நாங்க பொறுப்பில்ல" என்றார். நான்தான் சார் பொறுப்பு என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். கிளார்க் அம்மா பின்னாலேயே வந்து கக்கூஸ் சாவியில் ஒன்றைக் கையில் வைத்து, "இதை நீங்களே வச்சுக்குங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து நான் ஒன்றும் கேட்கவில்லை. உன் அப்பா காய் நறுக்கிக்கொண்டிருந்தார், என் முகத்தைப் பார்த்தார், கத்தியைக் கீழே வைத்தார், அவராகவே சொன்னார். "பொண்ணு அழுதுச்சு, நான் என்ன பண்ணுவேன்" என்றார். உடனே பேனாவைத் தேடினார், இப்போதே எழுதித் தருகிறேன், எனக்கு முழுச் சம்மதம் என்று எழுதுகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். அதை எழுதினால் நான் படித்தது அவர் விட்டதால் என்று ஆகிவிடும். அவருக்குப் புரியவில்லை, பிறகு புரிந்தது, "அப்ப நான் என்னதான் பண்ணட்டும்?" என்று பரிதாபமாகக் கேட்டார். வாஷர் வாங்கி வாருங்கள் என்றேன். இருவரும் சிரித்துவிட்டோம். மறுநாள் பட்டறையில் பழைய ரப்பர் ஷீட்டில் நானே ஒரு வாஷர் வெட்டிக் கொண்டுவந்து மாட்டினேன், இப்போது ஒழுகவில்லை.

அன்றைக்குச் சாப்பிடும்போது அவர் ஒன்று கேட்டார், அது உனக்கான கேள்வி. "குட்டியைப் பாத்துக்க ஆள் வேணும்னு உன்னைத்தான் கேக்குது, என்னை ஒரு தடவைகூட கேக்கலையே?" என்றார். யோசித்துப் பார். நான் முதல் படகுக்குப் போய்க் கடைசிப் படகுக்குப் பிறகு வருகிறவள். இரவு முழுக்கப் பள்ளிக்கூடத்தில் காவல் இருந்துவிட்டு வந்து, உன்னைக் குளிப்பாட்டியது, தலை வாரியது, ஊட்டியது, காய்ச்சலுக்குத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடந்தது எல்லாம் அவர்தான். உனக்கு ஒரு வயதுவரை என் தோளில் தூக்கமே வராது, அந்த ஆள் சட்டையில்தான் வரும். வேலையை விட்டு ஒரு வருடமாக அவர்தான் நிஜமாகவே சும்மா இருக்கிறார், பாஸ்போர்ட் இருக்கிறது, என்னைவிட நன்றாகச் சமைப்பார், முதுகு வலி கிடையாது. ஆனாலும் ஆள் வேண்டும் என்றதும் உன் நினைவுக்கு வந்தது நான். உன்னை மட்டும் குற்றம் சொல்லவில்லை, இதை உனக்குச் சொல்லிக்கொடுத்தது யாரும் இல்லை, காற்று மாதிரி எல்லா வீட்டிலும் இருக்கிறது. அவர் வரத் தயார், மாப்பிள்ளைக்குச் சங்கடமாக இருக்குமோ என்று ஒரு யோசனை அவருக்கு. மாப்பிள்ளையிடம் சொல், மாமனார் பாட்டில் கழுவினால் மாப்பிள்ளையும் பக்கத்தில் நின்று துடைக்கலாம், குறைந்துபோக மாட்டார். நான் கம்பெனிப் பட்டறையில் சேர்ந்து ஆறு மாதம் கழித்து, எனக்கு வருகிற லீவில், நானே விண்ணப்பம் எழுதி, இருபது நாள் வருவேன். குட்டியைத் தூக்கி வைத்துக்கொள்ள வருவேன், ஆயா வேலைக்கு இல்லை.

நீ அழுதுகொண்டிருப்பாய். அழு, தப்பில்லை. நீ என்னை வெறுத்து அதைச் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும், அதனால்தான் கோபம் இவ்வளவு நாளாகியும் ஆறவில்லை, வெறுத்துச் செய்திருந்தால் ஒரே நாளில் ஆறியிருக்கும். ஆனால் நாளைக்கு உன் பெண் வளர்ந்து, அம்மாவுக்கு வயதாகிவிட்டது என்று உன் ஆபீஸுக்கு ஒரு கடிதம் எழுதினால் உனக்கு எப்படி இருக்கும் என்று ஒரு நிமிடம் உட்கார்ந்து பார். அதற்கு மேல் இதைப் பற்றி நான் பேச மாட்டேன், நீயும் மன்னிப்பு அது இது என்று நீட்டாதே.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தேர்வு. வெளியிலிருந்து ஒருவர் வந்து பார்ப்பார். ரப்பர்ச் சக்கரத்தைக் கழற்றிப் புதிது மாட்ட வேண்டும், எஞ்சினை டிரம்மில் இறக்கி ஓட்டிக் காட்ட வேண்டும், பின்னால் தண்ணீர் பீய்ச்ச வேண்டும், கார்டை நிரப்பிக் கொடுக்க வேண்டும். நேரம் நாற்பது நிமிடம். நேற்று முப்பத்தாறில் முடித்தேன். பிஸ்டன் சார் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார், அவரிடமிருந்து அதுவே பெரிது. தவறினாலும் சொல்கிறேன், அடுத்த வகுப்பில் மறுபடி உட்காருவேன், பட்டறை வாசலில் போய் நிற்பேன், அந்த மெஷினுக்குப் பக்கத்தில் விருப்பத்தோடு ஓய்வெடுக்க மாட்டேன்.

குட்டிக்கு என் முத்தம், கன்னத்தில் இல்லை, உள்ளங்காலில். நீயும் மாப்பிள்ளையும் அவளும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நீண்ட நாள் சிரித்து வாழ வேண்டும், உங்கள் வீட்டில் எதுவும் கண்ணீரால் முடிவாகாமல் இருக்க வேண்டும், இதுதான் என் ஆசீர்வாதம். இரும்புச் சத்து மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு மறக்காமல் போடு. அப்பாவுக்கு டிக்கெட் பார். இனிமேல் என்னைப் பற்றி யாருக்காவது எழுத வேண்டும் என்றால் எனக்கு எழுது, விலாசம் உனக்குத் தெரியும். இதைத் தபாலில் போட உன் அப்பாதான் போகிறார். இந்தத் தடவை சொன்ன இடத்துக்கு ஒழுங்காகப் போய் வருவார், உறையை நான் ஒட்டிவிட்டேன்.

கோளாறு: மகள் அம்மாவைக் கேட்காமல் அம்மாவுக்காக முடிவெடுத்தது.
சரி செய்தது: எழுதிச் சொல்லியாயிற்று.
செய்தவர் கையெழுத்து:

உன் அம்மா